அஞ்சடிக் கோப்பி

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் குளியலறைச் சுவரில் முதல் சம்மட்டி அடி விழுந்தது. அதற்கு மூன்று மணி நேரம் முன்பே அம்மா தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிக்குப் போய்விட்டார்.

அஞ்சடி என்ற சொல் தமிழகத்தில் இருந்து வாசிப்பவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். எங்கள் மலேசிய ரப்பர்த் தோட்டப்புறத்தில் வீட்டுக்கு முன்னால் கூரை இறக்கியிருக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். கடைவீடுகளின் முன்னே ஐந்தடி அகலத்துக்குக் கூரையுள்ள நடைபாதை விட வேண்டும் என்று 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு ஒரு விதி வகுத்தார். மலாயில் அதைக் காக்கி லீமா என்கிறார்கள். கடைத்தெருவில் பிறந்த அந்த ஐந்தடிக் கணக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடுகளுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லயத்தில் வீடு என்பது ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். மற்ற வாழ்க்கை எல்லாம் அஞ்சடியில் நடந்தது. ரப்பர் பால்வாளியைக் கவிழ்த்து வைப்பது, பால்மரம் சீவும் உளியைத் தீட்டுவது, பிள்ளைக்குத் தூளி கட்டுவது, இறந்தவரைக் கிடத்தி ஊருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாமே அங்கேதான்.

இப்போது நாங்கள் இருப்பது லயம் அல்ல. ஈப்போவிலிருந்து வடக்கே அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பலர் வாங்கிக் குடியேறிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒற்றை மாடி வரிசை வீடு. அப்பா 1993-இல் தன் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கினார். மலிவு விலை வீட்டுக்கு அன்று அரசாங்கம் வைத்திருந்த விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு அறை, ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரே ஒரு குளியலறை. அந்தக் குளியலறையைத்தான் இடித்தோம். அடுப்படியும் அதை ஒட்டியே இருப்பதால் அதன் தரையையும் பெயர்க்க வேண்டியிருந்தது.

ஏன் இடித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. பதினான்கு வயதில் உளி பிடித்தவர். வெட்டுப்பட்டை தாழ்வாக இருக்கும் மரங்களுக்கு ஒவ்வொன்றாகக் குந்தி எழுந்து, காண்டா என்ற காவடித்தண்டில் இரண்டு வாளிப் பாலை மாட்டித் தோளில் சுமந்து மேடு பள்ளம் இறங்கிய முழங்கால்கள் அவை. ஆறு மாதத்துக்கு முன் ஓர் இரவு, குந்தும் கழிவறையிலிருந்து எழ முடியாமல் சுவரைப் பிடித்தபோது கை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. தோளில் மட்டும் வீக்கம். நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள்தான் கவனித்தேன்: அம்மா மாலைக் கோப்பியை நிறுத்தியிருந்தார். காரணம் கேட்டபோது வாய் கசக்கிறது என்றார். இன்னும் சில நாள் கழித்து இரவுச் சாப்பாட்டோடு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. இருட்டில் அந்த அறைக்குள் போகப் பயந்து, தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். அறுபது வருடமாக மாலை ஏழு மணிக் கோப்பியை விடாத ஒரு மனுஷி, ஒரு வழுக்குத் தரைக்காக அதை விட்டுவிட்டார். அதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே கட்டட வேலைக் குத்தகைக்காரரை அழைத்துப் பேசினேன்.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். நானும் மீதியிருந்த ஆண்டு விடுப்பில் ஒரு வாரத்தை எழுதிக் கொடுத்தேன். வேலை இரண்டாவது வாரத்துக்குள்ளும் நீண்டது.

முதல் நாள் நான் செய்த வேலை தூசியோடு மல்லுக்கட்டியதுதான். கூடத்து வாசலில் நெகிழித்தாளை ஒட்டினேன். அலமாரிகளைப் போர்வையால் மூடினேன். பழைய தரை ஓட்டை உடைக்கும்போது கிளம்பும் தூள் மாவை விட மெல்லியது. எந்த மறைப்பையும் தாண்டி வந்துவிடும். நுரையீரலுக்கும் அது நல்லதல்ல என்பதால் தண்ணீர் தெளித்துத் தெளித்து உடைக்கச் சொல்லி மன்றாடினேன். அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நாள் முழுக்க நான் கூட்டிக்கொண்டே இருந்ததற்கு ஒரு பயனும் இல்லை. நான்காவது முறை துடைப்பத்தை எடுத்தபோது அம்மா அஞ்சடியிலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா, அவர்கள் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். நீ கூட்டிக்கொண்டே இருப்பாயா? சாயங்காலம் அவர்கள் போனபிறகு ஒரே முறை கூட்டு. இப்போது இங்கே வந்து உட்கார்."

போய் உட்கார்ந்தபோதுதான் அம்மா என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். சுவர் ஓரமாக ஒற்றை அடுப்பு, அதன் பின்னால் காற்றுக்குத் தடுப்பாக ஒரு தகரம். பக்கத்தில் கோப்பி வடிகட்டும் துணிப்பை, பால் டின், இரண்டு எனாமல் மங்கு. லயத்திலிருந்து வந்த தகரப் பெட்டியைக் குறுக்காகப் போட்டு மேசையாக்கியிருந்தார். பெட்டியின் மேல் பழைய சேலைத் துண்டு ஒன்று விரிப்பு. முருகன் படத்தைக்கூடக் கழற்றி வந்து கம்பிக் கதவில் கட்டியிருந்தார். ஆறடிக்கு நான்கடி இருக்கும். உள்ளே எங்கள் வீடு குப்பைமேடாகக் கிடக்க, அந்த இடம் மட்டும் தினமும் புழங்கும் இடமாக, துடைத்து அடுக்கிய ஒழுங்கோடு இருந்தது.

அம்மா இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா என்று தெரியவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடு மாற்றுவது புதிதல்ல. இந்த டிவிஷனிலிருந்து அந்த டிவிஷனுக்குப் போ என்றால் மறுநாள் லாரியில் சாமான்கள் ஏறிவிடும். புது லயத்தில் இறங்கியதும் பெண்கள் முதலில் செய்வது அடுப்பு மூட்டுவதாம். பெட்டி பிரிப்பது, பாய் விரிப்பது எல்லாம் பிறகு. எனக்குப் பாடமாக யாரும் சொல்லித் தராத ஒன்று அந்தச் சனிக்கிழமை பிடிபட்டது. வீடு உடைந்து கிடக்கும் நாட்களில் வீடு முழுவதையும் காப்பாற்ற ஓடக்கூடாது. ஒரு மூலையை மட்டும் உடையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மூலைக்கு ஒரு நேரமும் வேண்டும். அம்மாவின் நேரம் காலை ஐந்தே கால். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன காலத்திலிருந்து அந்த உடம்பு அதற்கு மேல் படுத்திருக்காது. வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரம் நன்றாகப் பால் விடும் என்பதால் தோட்டம் முழுவதும் இருட்டிலேயே எழுந்துகொள்ளும். தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அம்மாவுக்குள் அந்த மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தே காலுக்கு நானும் எழுந்து வந்து உட்கார ஆரம்பித்தேன். எட்டரைக்குச் சம்மட்டி வரும்வரை மூன்று மணி நேரம் எங்களுடையது.

*

ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் வரவில்லை. முந்தின நாள் அடுப்படியின் ஓடுகளைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். 2004-இல் போட்ட வெள்ளை ஓடு. அதற்கு அடியில் என்ன இருந்தது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அம்மாவுக்குப் பின்னாலேயே உள்ளே போனேன். அடுப்படி வாசலில் அம்மா நின்றுவிட்டார்.

சிவப்புச் சிமெண்டுத் தரை. வீடு வாங்கிய புதிதில் அப்பா தன் கையால் போட்டது. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்திருப்பார். அந்தக் காலத்தில் மாதம் ஒரு முறை மெழுகு போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்து மெருகேற்றுவோம். எனக்கும் தங்கைக்கும் அது சண்டையில்லாத ஒரே வீட்டு வேலை. ஆளுக்கொரு மட்டையில் கால் வைத்துச் சறுக்கிக்கொண்டே தேய்ப்போம்.

இப்போது அதில் சாந்துத் திட்டுகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தன. மூலைக்கு மூலை உளி கொத்திய வடு. அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கேட்டார். குந்த முடியாது என்பதால் குட்டை முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டிய அளவு துடைத்தார். முக்காலியை நகர்த்திப் போட்டு மறுபடி துடைத்தார். நான் பின்கட்டில் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்து வந்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஈரம் காய்ந்ததும் நடுவில் ஒரு பாய் அளவுக்குப் பழைய நிறம் வந்துவிட்டது. ஆறிய ரத்தத்தின் நிறம் என்று சொல்லலாம். பழுத்த கொட்டைப்பாக்கின் நிறம் என்றால் இன்னும் சரியாக இருக்கும். உள்ளங்கையை வைத்தால் சில்லென்றிருந்தது. ஓட்டுத் தரையின் சில்லிப்பு வேறு. இது மண்பானையின் சில்லிப்பு.

அன்று மதியம் வாழையிலை போட்டு அந்தத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா மட்டும் முக்காலியில். நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். சம்பலுக்கு மிளகாயை அம்மியில்தான் அரைத்தார். மூன்று பேர் தூக்கி அஞ்சடியில் இறக்கிய அம்மி அது. தூக்கியவர்கள் முனகிய முனகலுக்கு ஒரு பலன் வேண்டாமா என்று கேட்டார். என் மகன் சாப்பிட்டு முடித்து அப்படியே தரையில் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். தாத்தாவை அவன் பார்த்ததில்லை.

அந்தத் தரையை அப்படியே விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். மனத்தில் ஆசை முட்டிக்கொண்டிருந்தது. அம்மா தலையை ஆட்டினார். ஈரம் பட்டால் அது எப்படி வழுக்கும் என்பது உனக்கு மறந்துவிட்டது, உன் அப்பாவே இரண்டு முறை விழுந்திருக்கிறார் என்றார். குழாய்க்குப் பள்ளம் தோண்டவும் அதை உடைத்தே ஆக வேண்டும். திங்கட்கிழமை உடைத்தார்கள். நான் அந்த நேரத்தில் கடைக்குப் போய்விட்டேன். அம்மா இருந்து பார்த்தார்.

*

அதே திங்கட்கிழமை பிற்பகலில் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் துளைப்பான் இறங்கிவிட்டது. குழாய் எங்கே போகிறது என்று முன்பே நான் காட்டியிருந்தேன். குத்தகைக்காரர் தன் ஆளிடம் சொல்லவில்லை. கூரை வரை பீய்ச்சி அடித்த தண்ணீர், வெட்டிப் போட்டிருந்த மண்ணையெல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. முதன்மை வால்வை அடைத்தோம். மாற்றுப் பொருள் மறுநாள்தான் வரும் என்றார்கள். ஒன்றரை நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் இதெல்லாம் சகஜம் என்று சொன்னார் அந்த மனிதர். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வயதானவர் இருக்கும் வீட்டில் தண்ணீர் இல்லாமல் போவது சகஜம் இல்லை.

ஏற்கனவே கழிவறைக்குப் பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய்க்கார அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம்) தயவில்தான் இருந்தோம். அம்மாவுக்கு மட்டும் இரவு நேரத்துக்கென்று கழிவறை நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். தண்ணீரும் போனதைக் கேள்விப்பட்டதும் மாக்சிக் வேலிக்கு மேலே தன் ரப்பர் குழாயை நீட்டிவிட்டார். எங்கள் இரண்டு தண்ணீர்த் தோம்புகளும் நிறைந்தன. மாலையில் குளிக்கப் போனபோது அவர் வீட்டுக் குளியலறையில் புதிதாகப் பிரித்த சோப்பு ஒன்று, மடித்து வைத்த துண்டு ஒன்று. எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்க சேறும் கோபமுமாக இருந்த உடம்பில் அந்தக் குளிர்ந்த தண்ணீர் விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. தலைமுடியிலிருந்து மண் கரைந்து போகும்வரை நின்றேன். வெளியே வந்தால் கையில் ஒரு தட்டு, அதில் இன்னும் சூடு ஆறாத வாழைப்பழ வடை. ஜெம்புட் ஜெம்புட் என்பார்கள். "அம்மாவுக்குக் கொடு, சீனி குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்" என்று மலாயில் சொன்னார்.

எங்கள் அம்மாவும் அவரும் முப்பது வருடமாக அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசுகிறவர்கள். பேசும் மலாய் அம்மாவுடையது பாதி, தமிழ் அவருடையது கால்வாசி. அந்த மாலை அம்மா எதிரில் உட்கார்ந்து அந்த வடையைப் பிட்டுச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

செவ்வாய் மாலை மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் மாத இடிமழை. அஞ்சடியின் தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் பேச்சே கேட்காது. குழாய் மாற்றி, பள்ளம் மூடிச் சாந்து போட்டுவிட்டுக் கொத்தனார்கள் அங்கேயே எங்களோடு ஒதுங்கி நின்றார்கள். சாந்து காயாதே என்று நான் கவலைப்பட்டேன். மூத்த கொத்தனார் சிரித்துக்கொண்டே திருத்தினார். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால்தான் புதுப்பூச்சை ஏழு நாள் நனைக்கிறோம், முழுப் பலம் வர 28 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறோம் என்றார். இத்தனை வயதுக்கு நான் இதைத் தலைகீழாகத்தான் நினைத்திருந்தேன்.

அம்மா எல்லோருக்கும் வரக்கோப்பி போட்டுக் கொடுத்தார். பாலில்லாத கறுப்புக் கோப்பிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மழை விடுவதாக இல்லை. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

1948 ஜூன் 16-ஆம் தேதி இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அம்மா அதற்குள் பிறந்த பிள்ளை. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்விடக்கூடாது என்பதற்காக அரிசிக்குப் பங்கீடு வந்தது. வேலியைத் தாண்டிச் சாப்பாடு கொண்டுபோகத் தடை. டின் உணவைக்கூடக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாசலில் பால்வாளியைக் கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம். பாட்டி விடியலில் ஒரு மங்கு வரக்கோப்பியைக் குடித்துவிட்டுப் பிரட்டுக்குப் போனால், மதியம் பால் நிறுத்துப் போட்டுத் திரும்பும்வரை பட்டினி.

"அதனால்தான் என் அம்மா அந்தக் கோப்பியை உட்கார்ந்துதான் குடிப்பார்" என்றார் அம்மா. "கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். அரைமணி நேரம் அது அவருடையது."

அம்மாவும் உட்கார்ந்துதான் குடிக்கிறார். நான் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் நின்றபடியும் நடந்தபடியும் குடித்துப் பழகியவள். இந்த இரண்டு வாரம் உட்கார்ந்து குடித்தேன். மங்கின் சூடு உள்ளங்கைக்கு வந்து, பிறகு மெல்லக் குறைந்து, கடைசி வாய் ஆறிப்போவது வரை முழுவதும் இருந்து குடித்தேன்.

மழை விட்ட இடைவெளியில் மகன் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தான். அடியில் விரித்திருந்த செய்தித்தாள் மடிப்புகளில் இற்றுப்போயிருந்தது. தமிழ் நேசன். 1924-இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன நாளிதழ். தோட்டத்தில் ஒருவர் வாங்கினால் ஒரு லயமே வாசிக்கும். சேலைக்கடை விளம்பரமும் கல்யாண வாழ்த்தும் தெரிந்தன. துதிக்கை வைத்த பழைய 'லை'யும் 'னை'யும் என் மகனுக்குப் புரியவில்லை. அம்மா அவன் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஆறாம் வகுப்போடு நின்ற அம்மா, படிவம் மூன்றில் (ஒன்பதாம் வகுப்பில்) இருக்கும் பேரனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததை அந்த மழையில் உட்கார்ந்து பார்த்தேன்.

*

புதனும் வியாழனும் சொல்லும்படி ஒன்றுமில்லை. சாந்து இறுகக் காத்திருந்தார்கள். பிறகு தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசினார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் சொல்ல வேண்டும். பூச்சு நின்றிருக்கிறதா என்று சோதிக்க வடிகாலை அடைத்துக் குளியலறையில் இரண்டங்குலத் தண்ணீர் நிறுத்தினார்கள். 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். தண்ணீர் மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

அன்று வீட்டில் யாரும் எதையும் செய்ய முடியாது. சத்தமில்லை, தூசியில்லை, முடிவெடுக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்கு நடந்து போய் நான்கு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வந்தேன். வாழையிலையில் கட்டியதாகப் பார்த்து வாங்கினேன். சூட்டில் இலை வாடித் தேங்காய்ப்பால் சோற்றில் அந்த வாசனை இறங்கியிருக்கும். பசியாறிவிட்டு அம்மாவும் நானும் மின்னல் பண்பலையைப் போட்டுக்கொண்டு அஞ்சடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மா எழுந்து போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "இறங்கவில்லை" என்பார். மறுபடி உட்காருவார். அந்த அறையைக் கண்டு ஆறு மாதம் ஒதுங்கி நின்றவர், பகலெல்லாம் அதன் வாசலில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

தரை ஓடு பதிக்க வந்தவர் ஜாவாவைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் மாஸ் என்று கூப்பிட்டோம். ஜாவாக்காரர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாளே அம்மா அவரிடம் "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். அவர் சாப்பிட்டுவிட்டேன் அம்மா என்று கூச்சத்தோடு சொன்ன விதத்திலேயே சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அதிலிருந்து தினமும் ஒரு மங்கு கோப்பியும் நான்கு பிஸ்கட்டும் அவருக்காக அந்தத் தகரப் பெட்டியின் மேல் இருக்கும்.

அவர் வேலை செய்வதை நான் மணிக்கணக்காகப் பார்த்தேன். அடியில் சாந்தைப் பரப்பி, அதன் மேல் ஓடு வைத்து, ரப்பர் சுத்தியால் நான்கு மூலையிலும் தட்டி, ரசமட்டத்தின் குமிழியைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். கரண்டியின் மரப்பிடியைத் திருப்பி ஓட்டின் மேல் மெதுவாகத் தட்டிக் காதைச் சாய்ப்பார். கெட்டியான சத்தம் வந்தால் அடுத்த ஓடு. எங்காவது பொள்ளென்று ஒலித்தால் அங்கே சாந்து சேரவில்லை. வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நாளை அந்த இடத்தில்தான் விரிசல் விடும். உடனே பெயர்த்தெடுத்து மறுபடி பதிப்பார். ஒரு பிற்பகலில் மூன்று ஓடுகளை அப்படிப் பெயர்த்தார். யாரும் கேட்கப் போவதில்லை. கூலியும் கூடப் போவதில்லை. அவர் காதுக்குச் சரியாக இல்லை, அவ்வளவுதான். குழாய் உடைந்த அன்றிலிருந்து என் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கரைந்தது.

மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வடிகாலை நோக்கிச் சரிவு வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாது. ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் சற்று யோசித்தது போல நின்று, பிறகு ஒரே கோடாக நடந்து போய் வடிகாலில் இறங்கியது. அம்மா "இன்னொரு முறை ஊற்று" என்றார்.

ஓடு சொரசொரப்பானது. சாம்பல் நிறம். அழகில்லைதான். ஈப்போக் கடையில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மாதிரி ஓடு ஒவ்வொன்றின் மேலும் வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது.

கடைசி நாள் கைப்பிடிக் கம்பி. குத்தகைக்காரர் ஓர் அளவு வைத்திருந்தார். மாஸ் அதைக் கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுப் புதிய கழிவறை மேல் உட்காரச் சொன்னார். உடுத்திய சேலையோடு, சற்றே வெட்கத்தோடு அம்மா உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார் மாஸ். அம்மா எழும்போது வலது கை தானாகச் சுவரை நோக்கிப் போயிற்று. விரல் பட்ட இடத்தில் மாஸ் பென்சிலால் புள்ளி வைத்தார். மறுபடி உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், மூன்று புள்ளிகள். மூன்றும் ஒரு கையகலத்துக்குள் இருந்தன. அவற்றின் நடுவில் துளை போட்டார்.

ஓரங்களில் பூசிய பசை இறுக 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். அம்மியும் உள்ளே போயிற்று. பெட்டியை மட்டும் அங்கேயே கிடக்கட்டும் என்றார் அம்மா.

மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது ஏழு மணி ஆகியிருந்தது. செம்பனைக் காட்டுப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டில் மக்ரிப் தொழுகைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். அம்மா அஞ்சடியில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கால் கழுவிவிட்டு வா" என்றார். "வரும்போது அடுப்பில் தண்ணீர் வை. எனக்கும் சேர்த்து."